குறைப்பிரசவத்தை ஸ்கேன் முன்கூட்டியே சொல்வது எப்படி?

37 வாரங்கள் நிறையும் முன்பே குழந்தை பிறப்பது குறைப்பிரசவம். வலி தொடங்கிய பிறகு மருந்தால் அதைச் சில நாட்கள் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். ஆகவே வலிக்குப் பல வாரங்கள் முன்பே தெரியும் அடையாளம் வேண்டும். அது கருப்பை வாயில் இருக்கிறது.

ஐந்தாம் மாதத்தில் சராசரியாக 35 மி.மீ. நீளத்தில் இறுக மூடியிருக்கும் இந்த வாய், சிலருக்கு வலியே இல்லாமல் குறுகத் தொடங்குகிறது. உள்முனை முதலில் விரிவதால் கைப் பரிசோதனையில் பிடிபடாது. வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனும் ஏமாற்றலாம்: நிறைந்த சிறுநீர்ப்பை அழுத்தி, வாயை நீளமாகக் காட்டிவிடும். அதனால்தான் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, பிறப்புறுப்பு வழியே மெல்லிய கருவியை வைத்து அளக்கிறார்கள். கூச்சமாக இருக்கலாம், ஆனால் சில நிமிட வேலைதான், குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

24 வாரத்துக்குள் அளவு 25 மி.மீ.க்குக் கீழே போனால் கவனம் தேவை. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் நிகோலெய்ட்ஸ் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், 15 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான அளவுள்ள 250 பெண்கள் பங்கேற்றனர். கருப்பையை அமைதியாக வைத்திருக்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனை இரவுதோறும் 200 மி.கி. பிறப்புறுப்பில் வைத்துக்கொண்டவர்களில், 34 வாரத்துக்கு முன் தானாகப் பிரசவித்தோர் 19 சதவீதம். மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 34 சதவீதம். இது சிறிய வித்தியாசமல்ல.

முன்பே குறைப்பிரசவம் கண்டவர்களுக்கு வாய் குறுகினால், சுருக்குப்பைக் கயிறு போல அதைச் சுற்றித் தையல் போடுவதும் உண்டு. படுத்தே கிடக்கச் சொல்லும் பழைய அறிவுரைக்குத்தான் ஆதாரமில்லை. அதனால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து வேறு கூடுகிறது.