உள்ளி போகும் வழி, வாசம் போகும் வழி

பேராதனை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: கம்போடியாவுக்குச் சுற்றுலா போகிறார், வெங்காயமும் உள்ளியும் வயிற்றை ஊதவைத்து வலிக்கச் செய்வதால் இரண்டையும் நிறுத்தும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக் கடையில் ‘உள்ளி போடாதீர்கள்’ என்று சொன்னால் போதுமா?

போதாது. அங்குள்ள கறிகள் பலவற்றுக்கு அடிப்படை ‘குரூங்’ என்ற இடித்த கூட்டு. எலுமிச்சைப் புல், பேரரத்தை, மஞ்சள், தோல் கரடுமுரடான ஒரு காட்டெலுமிச்சையின் இலை, இவற்றோடு உள்ளியும் சின்ன வெங்காயமும் ஒரே உரலில் இடிபடும். தேங்காய்ப்பாலும் மீனும் சேர்த்து வாழையிலையில் அவிக்கும் அமொக்குக்கு இதுதான் உயிர். நாம் மேசையில் உட்காரும் நேரத்தில் கூட்டு தயாராக இருக்கும். அதிலிருந்து உள்ளியை மட்டும் யாரால் பிரித்தெடுக்க முடியும்?

வயிற்றில் வேலையைக் காட்டுவது உள்ளியின் காரமோ வாசமோ அல்ல, ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி. நெல் மாப்பொருளைச் சேமிப்பதுபோல உள்ளியும் வெங்காயமும் ஃப்ரக்டானைச் சேமிக்கின்றன. அந்தச் சங்கிலியை வெட்டும் நொதியம் மனிதனிடம் இல்லை. அதனால் அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து ஐதரசன் முதலிய வாயுக்களை உண்டாக்குகின்றன. எல்லோருக்கும் நடப்பதுதான். குடல் கூருணர்வு உள்ளவருக்கு அந்த ஊதலே வலியாகிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஃப்ரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. உள்ளிக்கு வாசம் தரும் கந்தகச் சேர்மங்களோ எண்ணெயில் நன்றாகக் கரையும். பேராதனைச் சந்தி ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வரும் பாதை அங்கே இரண்டாகிறது: ஒன்று கண்டி வழியே மாத்தளைக்கு, மற்றது ஹட்டன் வழியே பதுளைக்கு. உள்ளிப் பல்லுதான் சந்தி. ஃப்ரக்டான் மாத்தளைப் பயணி, நீர்ப்பாதை திறந்தால்தான் போவார். வாசம் பதுளைப் பயணி, எண்ணெய்ப் பாதையில் ஏறிவிடுவார். சட்டியில் எண்ணெய் மட்டும் இருக்கும்வரை மாத்தளைக்காரர் மேடையிலேயே, அதாவது பல்லுக்குள்ளேயே, நிற்க வேண்டியதுதான். அவரை அப்படியே வெளியே எடுத்துவிடலாம். எடுக்காமல் தேங்காய்ப்பாலை ஊற்றினால் நீர்ப்பாதைக்குக் கொடி காட்டியாயிற்று; அவர் ஓடிவந்து ஏறுவார், இரண்டு பயணிகளும் ஒரே வயிற்றில் இறங்குவார்கள். குரூங்கிலோ இருவரையும் ஒரே பெட்டியில் திணித்துக் கதவைப் பூட்டியாயிற்று. பிறகு எந்தப் பாதையைத் திருப்பியும் பயனில்லை.

ஆகவே வீட்டில் செய்யும்போது உள்ளியைக் கீலமாக வெட்டி, மெல்லிய சூட்டில் எண்ணெயில் பொரித்து, ஒரு துண்டும் மிஞ்சாமல் வடித்து, அந்த எண்ணெயில் மற்றச் சாமான்களின் கூட்டை வதக்குங்கள். அந்தச் சாமான்களுக்குப் பேராதனையில் பஞ்சமில்லை. காட்டெலுமிச்சையை நம் நாட்டில் அட்டைக்கடிக்குப் பூசுகிறார்களே, அதே இனம்தான். சின்ன வெங்காயத்துக்குப் பதிலாக வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியைப் போடலாம். அதில் ஃப்ரக்டான் மிகக் குறைவு. ஒரே ஒரு எச்சரிக்கை: உள்ளி எண்ணெயைப் போத்தலில் அடைத்து வெளியே வைக்காதீர்கள். 1985இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்டு வைத்த உள்ளியால் 36 பேருக்கு பொட்டுலிசம் என்ற கடும் நச்சு நோய் வந்தது. அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே முடித்துவிடுவது நல்லது.

விரதகாரருக்கு இந்த எண்ணெய் உதவாது, அவர்கள் உள்ளியையே விலக்குகிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகக் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்குக் கந்தசஷ்டி பிடிப்பவர்களுக்குப் பெருங்காயம் இருக்கிறது. அதன் வாசமும் கந்தகச் சேர்மங்களால் ஆனதே. உள்ளி விலக்கு பழையது: உள்ளி தின்ற பிக்கு மற்றவர்களுக்கு நாற்றம் படாதிருக்கத் தள்ளி உட்கார்ந்ததைப் பார்த்த புத்தர், நோயாளிக்கு மட்டும் அதை அனுமதித்தார் என்று விநய பிடகம் சொல்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் தங்கிய சீனத் துறவி பாஹியனும் மத்திய இந்தியாவில் பெரும்பாலோர் உள்ளி வெங்காயம் உண்பதில்லை என்று எழுதினார். வரலாறு இவ்வளவு போதும்.

‘உள்ளியை விட்டால் குடல் சுத்தமாகும்’ என்று விற்பவர்களை நம்பாதீர்கள். வலி இல்லாதவர் விலக்கத் தேவையில்லை, குடலின் நல்ல பற்றீரியாக்களுக்கு ஃப்ரக்டான் சாப்பாடு. வலி உள்ளவருக்கும் இது ஆயுள் தண்டனை அல்ல. மெல்பேர்னின் மொனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவுமுறையில் சில வாரம் விலக்கியபின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, தாங்கும் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இரண்டாம் பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கம்போடியா போனதும் கூட்டு சேர்ந்த கறியையும் சூப்பையும் விட்டுவிடுங்கள். உப்பு மட்டும் தடவிச் சுட்ட மீன், வெறும் சோறு, பழங்கள் என்று கேளுங்கள். தொட்டுக்கொள்ள அந்நாட்டுக் கம்போட் மிளகுத் தூளில் உப்புச் சேர்த்து, தேசிக்காயை உங்கள் கண் முன்னே பிழிந்து தரச் சொல்லுங்கள்.