துப்பாக்கி இருக்கிறது, தோட்டா எங்கே?

தோட்டத்தில் காட்டுப்பன்றி சுட வருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் போடும் 12 போர் ரவைத்தோட்டா இன்றும் தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. ஆனால் வெள்ளைக்காரத் துரைமார்கள் அந்நாளில் யானைக்கும் காட்டெருமைக்கும் வைத்திருந்த பெரிய ரைபிள்கள் பலவற்றுக்குக் கடையில் தோட்டா கிடையாது. ஏன் தெரியுமா?

தோட்டாவில் முக்கியமானது குண்டு என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, பித்தளைக் கூடுதான். மருந்து பற்றியதும் கூடு விரிந்து, குழலின் சுவரோடு ஒட்டி, நெருப்பு பின்பக்கம் வந்து சுடுபவர் முகத்தில் அடிக்காமல் காக்கிறது. அடுத்த கணமே சற்றுச் சுருங்கி வெளியே வருகிறது. இதற்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைதான் தோதானது. கூட்டின் அளவு மயிரிழை பிசகினாலும் ஆபத்து. ஆகவே ஒரு ரைபிளின் தோட்டா இன்னொன்றுக்கு ஆகாது.

இனி இந்தியாவுக்குப் போவோம். பிரிட்டிஷ் படையின் பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கி .450 அங்குலக் குண்டு சுடுவது. அந்தக் குண்டுகள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்று பயந்து, 1907இல் .450 ரகத் தோட்டாக்களை இந்தியாவுக்கும் சூடானுக்கும் கொண்டுவரத் தடை போட்டார்கள். வேட்டைக்காரர்கள் விரும்பிய ரிக்பியின் .450 ரைபிளும் அதில் அடிபட்டது. இங்கிலாந்துக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470, .476 என்று ஆளுக்கொரு அளவில் புதிது புதிதாக இறக்கின. சட்டம் நினைத்தது ஒன்று, நடந்தது வேறொன்று! ரகம் பெருகியது, ஒவ்வொன்றுக்கும் வாங்குவோர் குறைவு. பர்மிங்ஹாமின் கைனாக் நிறுவனம் 1960களில் இவற்றைப் படிப்படியாகக் கைவிட்டது. ரைபிள்கள் அநாதையாயின.

மேல்நாட்டில் உரிமம் பெற்ற சிலர் இந்தக் கூடுகளைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். இளஞ்சூட்டில் உருகும் உலோகத்தைக் குழலின் பின்னறையில் வார்த்தெடுத்து முதலில் அளவு பார்ப்பார்கள். பிறகு, கிடைக்கிற வேறொரு கூட்டை எஃகு அச்சுகளில் படிப்படியாக அழுத்தி வடிவம் மாற்றுவார்கள். தடைக்குக் காரணமான அந்த மார்ட்டினி ஹென்றிக்கே இன்று 24 போர் பித்தளை ரவைக்கூட்டை இப்படித்தான் திருத்துகிறார்கள்!

கன்னார் குடம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த சங்கதி எளிதில் விளங்கும். பித்தளை அடிக்க அடிக்கக் கெட்டியாகி, கடைசியில் வெடித்துவிடும். இடையிடையே சூடு காட்டி இளக்க வேண்டும். கூட்டிலும் அதேதான். ஆனால் வாய்ப்பக்கம் மட்டுமே இளக வேண்டும். அழுத்தம் தாங்கும் அடிப்பக்கம் இளகினால் உயிருக்கே ஆபத்து. அதனால் அடியைத் தண்ணீரில் நிறுத்திக்கொண்டு வாய்க்குத் தீ காட்டுகிறார்கள்.

கூடு சரியாக அமைந்தாலும் மருந்தில் மோசம் போகலாம். கரிமருந்துக்கென்று செய்த பழைய குழலில் அதே அளவு புகையில்லா மருந்தை நிரப்பினால் அழுத்தம் பன்மடங்காகிக் குழலே பிளக்கும். கையும் கண்ணும் போகும்.

மலேசியாவில் உரிமமின்றித் தோட்டா செய்வது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். கால்வாய் வெட்டும்போது பச்சைக் களிம்பேறிய தோட்டா ஏதும் அகப்பட்டால், பிள்ளைகள் அதைக் கல்லால் தட்டவோ அடுப்பில் போடவோ விடாதீர்கள். கை வைக்காமல் போலீசுக்குச் சொல்லியனுப்புங்கள். எத்தனை வருடம் மண்ணில் கிடந்தாலும் அதிலுள்ள மருந்து வெடிக்கக்கூடும்.