உறங்கும்போது தாடை என்ன செய்கிறது?

மாத்தளைத் தோட்டத்து லயன் அறையில் யார் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். நாலைந்து பேர் ஒன்றாகப் படுக்கும் இடத்தில் அந்த நறநறச் சத்தம் மறைவதில்லை. பிள்ளை கடித்தால் வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுப்பார்கள்; பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

சத்தமே வராத கடியும் உண்டு. பற்களை உரசாமல், இறுகக் கடித்தபடியே உறங்குவார்கள். காலையில் தாடை வலிக்கும், நெற்றிப்பொட்டு தெறிக்கும். பக்கத்தில் படுத்தவருக்கோ ஒன்றும் கேட்டிருக்காது.

பல் வைத்தியர் தேய்ந்த பல்லைப் பார்த்து ஊகிக்கலாம். எங்கள் பக்கத்தில் அந்த ஊகம் எளிதில் பிசகும். காலமெல்லாம் வெற்றிலை பாக்கு மென்ற பாட்டிக்கும் பல் தேய்ந்திருக்கும், கன்னத் தசை புடைத்திருக்கும். அந்தத் தேய்வு போன மாதத்தியதா, பத்து வருடத்துக்கு முந்தியதா என்றும் பல் சொல்லாது.

தசை சொல்லும். அது சுருங்கும்போதெல்லாம் நுண்ணிய மின்னழுத்தம் எழுகிறது. கன்னத்திலோ நெற்றிப்பொட்டிலோ ஒட்டும் சிறிய சென்சர் அதைப் பிடித்துக்கொள்ளும். படுக்குமுன் முழுப் பலத்தோடு ஒருமுறை கடிக்கச் சொல்வார்கள், அதுவே அளவுகோல். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அந்தப் பலத்தில் எத்தனை பங்கு என்று இரவு முழுதும் பதிவாகும். டென்மார்க்கில் உருவான கிரைண்ட்கேர் கருவி, தசை இறுகியதும் மெல்லிய மின்தூண்டல் கொடுத்துத் தளர்த்தவும் பார்க்கிறது.

ஆனால் விழுங்கினாலும், இருமினாலும், தூக்கத்தில் பிதற்றினாலும் அதே தசைதான் சுருங்கும். சென்சர் மட்டும் இருந்தால் கணக்கு கூடிப்போகலாம். அதனால் ஒலி, காணொளிப் பதிவோடு செய்யும் முழு உறக்கப் பரிசோதனையே இன்னும் உரைகல். 2018இல் பன்னாட்டு நிபுணர்கள், ஆரோக்கியமானவரிடம் பல் கடிப்பதை நோயாகக் கொள்ள வேண்டியதில்லை, தாடைத் தசையின் ஒரு செயற்பாடு என்றே வரையறுத்தார்கள். இது முக்கியமென நினைக்கிறேன்: வலியும் தேய்வும் இல்லாதவர் சென்சர் காட்டும் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இரவில் மாட்டும் பல் கவசம் பல்லைக் காக்கும். தசையின் வேலையை நிறுத்திவிடாது. மாத்தளை ஆஸ்பத்திரிக்கோ பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கோ போகும்போது, பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிச் செல்லுங்கள். குறட்டை, மூச்சுத் தடை பற்றி அவர்தான் சொல்ல முடியும். குடிக்கும் குளிசைகளையும் எடுத்துப்போங்கள். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் கடிப்பைக் கூட்டக்கூடும். வைத்தியரைக் கேட்காமல் அவற்றை நிறுத்திவிடாதீர்கள்.