மாரத்தானும் என் கால் வலியும்



காலையில் பால் வாங்கப் போகும்போது, உங்க அறிவியல் சார் வேர்த்து விறுவிறுக்க ரோட்டோரமா ஓடிக்கிட்டுப் போறதை உங்களில் சிலபேர் பார்த்திருப்பீர்கள். போன வாரம் ஏழாம் வகுப்பு வாண்டு ஒருத்தன் கேட்டான்: "சார், உங்கள யாரு சார் துரத்துறாங்க?" எங்க அம்மாவும் இதையேதான் கேட்டாங்க. "ஏம்பா, நாய் துரத்தினாலே ஓட மாட்டியே, இப்ப எதுக்கு ஓடுற?"

அதற்குத்தான் இந்தச் சுவரிதழில் பதில் எழுதுகிறேன். ஆனால் ஓடின பெருமையைச் சொல்ல வரவில்லை. ஓடி ஓடிக் காலைக் கெடுத்துக்கொண்ட கதையைச் சொல்லப் போகிறேன். உங்களில் ஓடுகிறவர்கள், கபடி ஆடுகிறவர்கள், கோகோ ஆடுகிறவர்கள் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும்.

மாரத்தான் என்றால் என்ன?

கி.மு. 490 இல் மாரத்தான் என்ற இடத்தில் நடந்த போரில் கிரேக்கர்கள் ஜெயித்தார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல ஒரு வீரன் ஏதென்ஸ் நகரம் வரை ஓடினான் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையை நினைவில் வைத்து, 1896 இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் வைத்தார்கள். அப்போது தூரம் சுமார் 40 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் 42.195 கிலோமீட்டர். 1921 இல் அதையே நிரந்தரமாக்கினார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. என்னை மாதிரி ஆள் ஓடும்போது ஒரு அடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 42.195 கிலோமீட்டருக்கு எத்தனை அடி? 42,195. ஒரு காலுக்கு 21,000க்கும் மேலே. ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் நம் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. என் எடை அப்போது 70 கிலோ. அப்படின்னா ஒவ்வொரு அடிக்கும் 140 முதல் 210 கிலோ சுமை! நியூட்டனின் மூன்றாம் விதி பாடத்தில் மட்டும் இல்லை, நம்ம முழங்காலிலும் இருக்கிறது.

நான் ஆரம்பித்த கதை

2018 ஜூன் மாதம். எனக்கு வயது 38. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமானது. அப்போது நண்பர் ஒருவர், புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் பிப்ரவரி மாதம் மாரத்தான் நடக்கிறது என்று சொன்னார். 2008 இல் தொடங்கிய ஓட்டம் அது. செம்மண் பாதையில் காட்டுக்குள் ஓட வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. ஓடுகிற சந்தோஷம்தான் பரிசு. எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

ஜூனில் 3 கிலோமீட்டர் ஓடினாலே நாக்குத் தள்ளியது. ஆகஸ்டில் 10 கிலோமீட்டர் சுலபமாக ஓடினேன். "அட, நமக்கு நல்லாத்தான் வருது" என்று தோன்றியது. செப்டம்பரில் வாரத்துக்கு 20 கிலோமீட்டர் ஓடியதை அடுத்த மாதமே 45 ஆக்கிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் பழகிவிடும். மூச்சு வாங்குவது குறையும். ஆனால் எலும்பும், தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணும் மெதுவாகத்தான் பழகும். ஏன் தெரியுமா?

எலும்பு என்பது செத்த கட்டை இல்லை, உயிருள்ள பொருள். அதில் இரண்டு வகை வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். புது வேலைப்பளு வந்தால் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கும். பிறகு ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து புது எலும்பைக் கட்டும். அரித்து எடுக்கச் சில வாரங்கள் போதும், கட்டி முடிக்கவோ மாதக்கணக்கில் ஆகும். அதாவது நடுவில் கொஞ்ச நாள் எலும்பு முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். வீடு கட்டும்போது தளம் போட்ட மறுநாளே சென்ட்ரிங்கைப் பிரித்தால் என்ன ஆகும்? இடிந்து விழும். அதைத்தான் நான் என் காலுக்குச் செய்தேன்.

செப்டம்பர் கடைசியில் இடது காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்பக்கம் வலி ஆரம்பித்தது. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், சூடானதும் போய்விடும். "தானா சரியாப் போயிடும்" என்று விட்டுவிட்டேன். விருத்தாசலத்திலிருந்து பரங்கிப்பேட்டை போகும் ரோட்டில் எப்போதும் ஒரே ஓரமாக ஓடினேன். மழைத்தண்ணீர் வடிய ரோட்டின் ஓரம் சரிவாக இருக்கும் அல்லவா? அதனால் ஒரு கால் எப்போதும் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். அதையும் நான் கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா பற்றிப் படித்தேன். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கியவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரம் முன்னால் அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. அப்படியும் ஓடி மறுபடி தங்கம் வாங்கினார். "அவரே ஓடினார், இந்தச் சின்ன வலிக்கு நான் நிற்பதா?" என்று நினைத்தேன். பாதிக் கதையைத்தான் நான் புரிந்துகொண்டேன். அவருக்கு அடிபட்டது காலில் இல்லை.  நான் ஆறாத காலோடு ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2018 தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு 28 கிலோமீட்டர் ஓடக் கிளம்பினேன். மாத்திரை வலியை மறைத்தது. 23ஆவது கிலோமீட்டரில் காலை ஊன்ற முடியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "என்னா வாத்தியாரே, புள்ளைங்களுக்குப் புத்தி சொல்ற ஆளு நீ" என்றார். அவரே டிவிஎஸ் வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் நொண்டிக்கொண்டே பள்ளிக்கு வந்தேன். யார் கேட்டாலும் "ஒண்ணுமில்ல, லேசான சுளுக்கு" என்று பொய் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து பி.டி. சார் என்னிடம் வந்தார். குறுவட்டப் போட்டியில் 800 மீட்டரில் ஜெயித்த ஒன்பதாம் வகுப்புப் பையன் மாவட்டப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். முட்டி வலியை மூன்று வாரமா மறைத்திருக்கிறான். "ஏண்டா சொல்லல?" என்று கேட்டால், அவன் சொன்ன பதில்: "அறிவியல் சாரே வலியோட தான் சார் ஓடுறாரு. சொன்னா டீம்ல இருந்து எடுத்துடுவீங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் கால் வலியைவிட அது அதிகமாக வலித்தது.

அன்றே சாயங்காலம் அவனையும் அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு விருத்தாசலத்தில் எலும்பு டாக்டரிடம் போனேன். இரண்டு பேரையும் பார்த்தார். பையனுக்கு முட்டிக்குக் கீழே சின்னப் புடைப்பு. வளரும் வயதில் எலும்பு நீளும் இடம் இன்னும் மென்மையாக இருக்கும். தொடைத் தசையின் நாண் அந்த இடத்தை இழுத்து இழுத்து வலி வரும். ஓய்வு கொடுத்தால் சரியாகும், வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் போய்விடும் என்றார். எனக்கு எக்ஸ்ரேயில் டிபியா எலும்பில் மயிரிழை விரிசல். "இன்னும் ரெண்டு ஓட்டம் ஓடியிருந்தீங்கன்னா முழுசா உடைஞ்சிருக்கும். எட்டு வாரம் ஓடக் கூடாது" என்றார்.

பையன் அந்த வருடம் மாவட்டப் போட்டிக்குப் போகவில்லை. நான் 2019 பிப்ரவரி மாரத்தானுக்குப் போகவில்லை. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "சுளுக்குன்னு சொன்னது பொய். எலும்பு விரிஞ்சிருக்கு. வலியை மறைச்சதாலதான் இப்படி ஆச்சு" என்று சொன்னேன். சிலபேர் சிரித்தார்கள். இடைவேளையில் நான்கு பேர் வந்து "சார், எனக்கும் வலிக்குது" என்றார்கள். அதில் மூன்று பேர் மாணவிகள்.

வலியை எப்படிப் படிப்பது?

டிராபிக் சிக்னல் மாதிரி நினைவில் வையுங்கள்.

பச்சை: தொடை, கெண்டைக்கால் முழுக்கப் பரவலான வலி. இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். இது தசை பழகும் வலி. பயப்பட வேண்டாம்.

மஞ்சள்: ஒரு காலில் மட்டும் வலி. ஓட ஆரம்பிக்கும்போது இருந்து பிறகு குறையும், மறுநாள் காலை மறுபடி வரும். தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். வேகம் வேண்டாம். பி.டி. சாரிடம் சொல்லுங்கள்.

சிவப்பு: ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி. ஓட ஓட அதிகமாகும், ராத்திரி படுத்தாலும் வலிக்கும், ஒற்றைக் காலில் குதித்தால் உயிர் போகும். அல்லது வீக்கம், நொண்டல். உடனே நிறுத்துங்கள். டாக்டரைப் பாருங்கள். எலும்பு விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றாலும் வலி இருந்தால் ஓடக் கூடாது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. அது எச்சரிக்கை மணியின் ஒயரை அறுப்பது போல. வேர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இரண்டாம் முறை நான் செய்தது

1. எட்டு வாரமும் ஓடவில்லை. டாக்டர் சரி என்றதும் முதலில் சைக்கிள் மிதித்தேன். மூச்சுப் பயிற்சி கெடாது, காலில் அடியும் விழாது.

2. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டவில்லை. நான்காவது வாரம் வேண்டுமென்றே குறைத்தேன்.

3. தார் ரோட்டைக் குறைத்து, பள்ளி மைதானத்திலும் வண்டிப்பாதையிலும் ஓடினேன். ஒரே பக்கமாகச் சுற்றாமல் திசையை மாற்றினேன்.

4. படிக்கட்டு ஓரத்தில் முன்பாதத்தால் நின்று, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவேன். ஒரு காலுக்கு 15 தடவை, மூன்று முறை. 2019 செப்டம்பரில் குதிகால் வாதம் வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் நாலு அடி முள்ளில் வைத்தது போல இருக்கும். இந்தப் பயிற்சியாலும், தூரத்தைக் குறைத்ததாலும் இரண்டு மாதத்தில் அடங்கியது. இப்போதும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். உடனே தூரத்தைக் குறைப்பேன்.

5. தூக்கம், சாப்பாடு. புது எலும்பு கட்டும் வேலைக்கு ஓய்வும் சத்தும் வேண்டும். உங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கூழைக் கேவலமாக நினைக்காதீர்கள்! மாணவிகள் சிலர் உடம்பு இளைக்க வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விடுகிறீர்கள். ஓடவும் செய்து, சாப்பிடாமலும் இருந்தால் எலும்புதான் முதலில் கடன் கொடுக்கும்.

2020 பிப்ரவரி

ஒரு வருடம் தள்ளிப் போய், 2020 பிப்ரவரியில் ஆரோவில் போனேன். விடியும் முன்னே இருட்டில் ஓட்டம் தொடங்கியது. 30 கிலோமீட்டர் தாண்டியதும் வலது முட்டி முணுமுணுத்தது. பழைய ஆளாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருப்பேன். இந்தத் தடவை நின்றேன். அழுத்திப் பார்த்தேன். ஒரே இடத்து வலி இல்லை, வீக்கம் இல்லை, நொண்டல் இல்லை. "மஞ்சள்" என்று முடிவு செய்து, கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம் என்று போனேன். சிவப்பாக மாறினால் திரும்பிவிடுவது என்று மனசுக்குள் தீர்மானம். மாறவில்லை. 5 மணி 47 நிமிடத்தில் முடித்தேன். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் முடித்திருந்தார்கள். அதனால் என்ன?

சென்னை மேயராக இருந்தவர், 2021 இல் தமிழக சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன். சாலை விபத்தில் அவர் முழங்கால் நொறுங்கிப் போனது. அது சரியாகிப் பல வருடம் கழித்து, 50 வயதுக்கு மேல் ஓட ஆரம்பித்து, 100க்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியிருக்கிறார். அடிபட்டவர் ஓடவே முடியாது என்பதும் தப்பு, அடிபட்ட உடனே ஓடலாம் என்பதும் தப்பு. நடுவில் பொறுமை என்று ஒன்று இருக்கிறது.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? அடுத்த வருடம் மாவட்டப் போட்டியில் 800 மீட்டரில் மூன்றாவதாக வந்தான். இப்போது படிப்பை முடித்துவிட்டான். ஊருக்கு வந்தால் என்னோடு சேர்ந்து ஓடுகிறான். பாதி வழியில் "சார், சிக்னல் என்ன கலரு?" என்று கேட்பான்.

மாணவச் செல்வங்களே, முழு மாரத்தான் உங்கள் வயதுக்கு வேண்டாம். 18 வயது முடியட்டும். இப்போதைக்கு மைதானத்தைச் சுற்றுங்கள். வலித்தால் சொல்லுங்கள். வலியைச் சொல்வது கோழைத்தனம் இல்லை. சொன்னால் டீமில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பி.டி. சாரும் நானும் பேசிவிட்டோம்: வலியைச் சொன்னவருக்கு அவர் இடம் காத்திருக்கும்.

உங்களுக்குத் தெரியுமா?

* இந்தியாவின் சிவ்நாத் சிங் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆவது இடம் பிடித்தார். 1978 இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடத்தை 40 வருடத்துக்கும் மேல் எந்த இந்தியராலும் முந்த முடியவில்லை.

* கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023 இல் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் மாரத்தானை முடித்தார். நூறு மீட்டருக்குச் சுமார் 17 விநாடி! நம் மைதானத்தில் ஒரே ஒரு நூறு மீட்டரை அந்த வேகத்தில் ஓடிப் பாருங்கள். (கால் வலி இல்லாதவர்கள் மட்டும்!)

– உங்கள் அறிவியல் ஆசிரியர்