தையல் போட முடியாத காயம்

கலப்புத் தற்காப்புக் கலை எனப்படும் எம்.எம்.ஏ. சண்டையில் முதலில் கண்ணில் படுவது ரத்தம்தான். புருவம் கிழிந்து, மூக்கு உடைந்து நிற்கும் வீரரைப் பார்த்தால் இதைவிட ஆபத்தான விளையாட்டு இருக்காது என்றே தோன்றும். அமெரிக்கக் கால்பந்து வீரரோ தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு பத்திரமாக இருப்பதுபோல் தெரிகிறார். ஆய்வுகளைப் படித்தால் அந்த எண்ணம் ஆட்டம் கண்டுவிடும்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 2001 முதல் 2004 வரை நடந்த 171 எம்.எம்.ஏ. சண்டைகளை ஆராய்ந்தபோது 96 காயங்கள் பதிவாகியிருந்தன. கிட்டத்தட்ட பாதி முகத்தில் விழுந்த வெட்டுகள். அடுத்து கை, பிறகு மூக்கு. பெரும்பாலும் தையல் போட்டால் ஆறிவிடுபவை.

அதற்காக எம்.எம்.ஏ. பாதுகாப்பானது என்று சொல்லிவிட மாட்டேன். எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் யு.எஃப்.சி. அமைப்பின் சண்டை வீடியோக்களை டொராண்டோ ஆய்வாளர்கள் அலசினார்கள். நாக் அவுட் அடி விழுந்தபின் சண்டை நிற்பதற்குச் சராசரியாக மூன்றரை விநாடி ஆகிறது. அதற்குள் தலையில் மேலும் இரண்டு, மூன்று அடிகள். தடுக்கக் கை எழாத மனிதர்மீது விழும் அடிகள் அவை. இந்த விளையாட்டின் மிகக் கொடிய நேரம் அதுதான்.

அமெரிக்கக் கால்பந்தில் 'சென்டர்' என்ற ஆட்டக்காரரைக் கவனியுங்கள். குனிந்து, பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தள்ளிய அதே நொடியில், நூறு கிலோவைத் தாண்டிய எதிராளி அவர்மேல் பாய்கிறார். கவசத்தோடு கவசம் மோதுகிறது. மயக்கம் இல்லை, ரத்தம் இல்லை. எழுந்து மறுபடி குனிகிறார். ஒரு பந்தயத்தில் இப்படிப் பல பத்து முறை. தலைக்கவசம் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. சொம்பைச் சுற்றித் துணி கட்டிவிட்டு ஆட்டினால் உள்ளே தண்ணீர் ஆடாமலா இருக்கும்?

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் அந்த இடத்தில் ஆடியவர். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை நான்கு முறை வென்றவர், கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறி, தன் வண்டியிலேயே படுத்துறங்கும் நிலைக்கு வந்து, 2002-ல் 50 வயதில் இறந்தார். வெளிப்பார்வைக்கு இயல்பாக இருந்த அவருடைய மூளையை மருத்துவர் பென்னெட் ஒமாலு மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். டாவ் என்ற புரதம் அங்கங்கே திரண்டு கிடந்தது. சி.டி.இ. எனப்படும் மூளைச் சிதைவு நோய் அது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஆடிய 111 வீரர்களின் மூளைகளில் 110-ல் அது இருந்தது. அறிகுறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளைதானம் செய்கின்றன. எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று கொள்ளக் கூடாது.

631 அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைகளைப் பார்த்த 2023-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் முக்கியமானது. எத்தனை முறை மூளை அதிர்ச்சி ஏற்பட்டது என்பதைவிட, ஆடிய காலம் முழுக்கத் தலை வாங்கிய அடிகளின் மொத்தப் பலமே நோயைத் துல்லியமாகச் சுட்டியது. சிறுசிறு இடிகள் எல்லாம் கணக்கில் சேர்கின்றன.

என்.எஃப்.எல். 2011-ல் ஆட்டப் பருவத்தின்போது கவசம் மாட்டி மோதும் பயிற்சியை 14 நாளாகக் குறைத்தது. எம்.எம்.ஏ. பயிற்சிக்கூடங்களில் நடக்கும் ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டைக்கு அப்படியொரு பொது வரம்பு இல்லை. ஆண்டுக்குச் சில சண்டைகளே போடும் வீரர், அங்கேதான் அதிக அடி வாங்குகிறார். பிள்ளையை இந்த விளையாட்டுகளில் சேர்க்கும் பெற்றோரே, பயிற்சியில் வாரத்துக்கு எத்தனை நாள் தலையில் அடி விழும் என்று முதலில் கேளுங்கள்.