வகுப்பறைக்குள் வரும் 'தெரபி நாய்': ஆசிரியர்கள் வரவேற்பது ஏன், தயங்குவது ஏன்?

சத்தமா வாசிக்கச் சொன்னாலே சில குழந்தைகளுக்குக் கை நடுங்கும். தப்பா வாசிச்சா பக்கத்துப் பையன் சிரிப்பான். நாய் சிரிக்காது, குறுக்கே திருத்தாது.

இந்த எளிய யோசனையில்தான் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999-ல் 'ரீட்' என்ற திட்டம் தொடங்கியது. குழந்தை வாசிக்கும், நாய் பக்கத்தில் படுத்துக் கேட்கும். அவ்வளவுதான். இப்போது அமெரிக்கா, இங்கிலாந்தில் பல தொடக்கப் பள்ளிகளுக்கு இப்படி நாய்கள் வந்து போகின்றன.

தெரபி நாய்னா என்ன?

பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் வேறு, இது வேறு. வழிகாட்டி நாயைப் பொது இடங்களில் அனுமதிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். தெரபி நாய்க்கு அந்த உரிமை கிடையாது. பள்ளி சம்மதித்தால்தான் உள்ளே வர முடியும்.

எல்லா வீட்டு நாயும் தெரபி நாய் ஆகிவிட முடியாது. உதாரணமாக, 'பெட் பார்ட்னர்ஸ்' என்ற அமெரிக்க அமைப்பு நாயையும், அதை அழைத்து வருபவரையும் சேர்த்தே சோதிக்கிறது. 2 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசோதனை உண்டு. ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் நாயை ஈடுபடுத்தக் கூடாது.

உண்மையிலேயே பலன் இருக்கா?

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வு 2022-ல் வெளியானது. அதில் 8, 9 வயதுக் குழந்தைகள் வாரம் 2 முறை, தலா 20 நிமிடம், 4 வாரங்கள் நாயுடன் இருந்தார்கள். உமிழ்நீரில் உள்ள கார்டிசோல் அளவை வைத்துப் பார்த்தபோது, அவர்களிடம் மன அழுத்தம் குறைவாக இருந்தது தெரியவந்தது. ஆனா ஒன்று, மன அழுத்தம் குறைஞ்சா மார்க் தானாகக் கூடிடும்னு அர்த்தம் இல்லை.

ஆசிரியர்கள் வரவேற்பது ஏன்?

ஒரு வகுப்பில் 25, 30 குழந்தைகள். ஒவ்வொருவர் வாசிப்பதையும் பொறுமையாக உட்கார்ந்து கேட்க ஒரே ஆசிரியருக்கு நேரம் போதாது. யாரிடமும் பேசாத குழந்தை நாயிடம் பேச ஆரம்பித்தால், ஆசிரியருக்கு அது பெரிய திறப்பு.

அப்புறம் தயக்கம் எதுக்கு?

முதல் கவலை ஒவ்வாமை. நாய் முடி, உமிழ்நீரால் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரலாம். அடுத்தது பயம். முன்பே நாய்க்கடி பட்ட குழந்தைக்கு அன்றைய பாடம் மண்டையில் ஏறாது. சில குடும்பங்களுக்கு மத நம்பிக்கை சார்ந்த தயக்கமும் உண்டு. நாய் உள்ளே வந்ததும் மொத்த வகுப்பும் அதையே பார்க்கும் என்பது இன்னொரு பிரச்சினை. நாயை வெளியே கூட்டிப்போவது, சுத்தம் செய்வது, ஏதாவது நடந்தால் பதில் சொல்வது என எல்லாம் தன் தலையில் விழுமோ என்ற கவலையும் ஆசிரியருக்கு இருக்கிறது.

தீர்வு என்ன?

பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம், தடுப்பூசிச் சான்று, நாய்க்குத் தனி அறை, கூடவே இருக்கும் பொறுப்பாளர். இவை இருந்தால் ஆசிரியரின் பாதி கவலை தீரும். மீதிப் பாதி, 'எனக்கு நாய் வேண்டாம்' என்று சொல்லும் குழந்தையைப் பற்றியது. அந்தக் குழந்தையைத் தனியாக வெளியே உட்கார வைத்தால் அது தண்டனை மாதிரிதான். அதனால் நாயை வகுப்புக்குக் கொண்டு வராமல், விரும்பும் குழந்தை நாய் இருக்கும் அறைக்குப் போவதே நல்லது.