வாயுவுக்குள் ஒளிந்திருக்கும் திரவங்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஐரோப்பாவில் இயற்கை வாயு என்றதும் நெதர்லாந்தின் குரோனிங்கன் வயலே பலருக்கும் நினைவுக்கு வரும். 1959-இல் கண்டுபிடிக்கப்பட்ட மாபெரும் வயல் அது. அப்படியானால் இயற்கை வாயுத் திரவங்களிலும் அந்நாடே முதலிடம் பெற வேண்டும் அல்லவா? நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் நூலகத்தில் பார்த்த அட்டவணையில் நார்வே அதனை வெகுதூரம் முந்தி நின்றது. ஏன்?

பூமியிலிருந்து வரும் வாயு ஒரே பொருள் அன்று. மீத்தேனோடு ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், பென்டேன் ஆகியனவும் கலந்திருக்கும். மீத்தேனின் கொதிநிலை சுழியத்திற்குக் கீழே 161 டிகிரி; புரொப்பேனுக்குச் சுழியத்திற்குக் கீழே 42 டிகிரி. எனவே கலவையைக் குளிர்வித்தால் கனமானவை முதலில் திரவமாகிப் பிரிகின்றன. இவையே வாயுத் திரவங்கள்.

குரோனிங்கன் வாயுவில் மீத்தேன் சுமார் 81 விழுக்காடு, நைட்ரஜன் 14 விழுக்காடு. புரொப்பேன் ஒரு விழுக்காடு கூட இல்லை. அது நிலக்கரிப் படிவுகளிலிருந்து பிறந்த 'உலர் வாயு'. நார்வேயின் வடகடல் வயல்களிலோ, கடல்வாழ் நுண்ணுயிர்கள் படிந்த பாறைகளிலிருந்து எண்ணெயும் வாயுவும் சேர்ந்தே பிறந்தன. அது 'ஈர வாயு'. 1985 முதல் கோர்ஸ்டோ ஆலையில் அதிலிருந்து திரவங்களைப் பிரித்தெடுக்கிறார்கள்.

பிரிட்டனில் இவ்விரண்டையும் ஒரே நாட்டில் காணலாம். வடகடலின் தென்பகுதி வாயு உலர்ந்தது. 1971-இல் கண்டறியப்பட்ட பிரென்ட் முதலிய வட வயல்களின் வாயு ஈரமானது.

என் கண்டுபிடிப்பை ஆசிரியரிடம் பெருமையோடு சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எந்த அலகில் தம்பி?" விழித்தேன். ஓர் அட்டவணை டன்னிலும், மற்றொன்று பீப்பாயிலும் இருந்தன. கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு டன் புரொப்பேன் ஏறத்தாழ 12 பீப்பாய். ஒரு டன் பென்டேன் 10 பீப்பாய்தான்! கலவை தெரியாமல் அலகை மாற்றினால் ஒப்பீடே பொய்யாகிவிடும். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் புரொப்பேனையும் இக்கணக்கில் சேர்க்கலாகாது.

முதலிடமும் நிலையானதன்று. நிலநடுக்கங்களால் குரோனிங்கனில் உற்பத்தி 2023-இல் நிறுத்தப்பட்டது. வடகடல் ஈத்தேன் குறைந்ததால் 2016 முதல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்துக்கு அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஈத்தேன் வந்தது.

எங்கள் வீட்டில் ஊதுகுழலை மூலையில் சாய்த்து வைத்த சமையல் சிலிண்டரில் இருப்பதும் இதே புரொப்பேனும் பியூட்டேனும்தான். பள்ளி வாசலை மிதித்திராத என் தாயாரிடம் இதைச் சொன்னேன். "அது எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டார். நண்பர்களே, எந்த நாட்டின் அட்டவணையைப் பார்த்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவேயன்றோ!